நாரும் நாடாவும்



சித்திரைத் திருவிழாக் காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு மாலை மதுரைக்குப் புறப்படுகிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை அது. பட்டும் இலைக் கிளியும் அதோடு சேர்ந்து போகின்றன. கிருஷ்ணன்கோவில், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று ஏறத்தாழ 75 கிலோமீட்டர் கடந்து மதுரை தல்லாகுளத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் அந்த மாலையை அணிந்துகொண்டுதான் கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகைக்கு எழுந்தருளுகிறார். புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவையை ஒட்டித் திருமலைக்கும் இதேபோல் இங்கிருந்து மாலை போகிறது.

அந்த மாலையை லட்சக்கணக்கானோர் கண்டு வணங்குகிறார்கள். அதன் பெருமை எல்லோருக்கும் தெரியும். அதைத் தொடுக்கும் முறை தெரிந்தவர்களோ மிகச் சிலர். வாழைநாரை எவ்வளவு ஈரத்தில் வைத்திருக்க வேண்டும், சம்பங்கியில் ஊசி எந்த வழியாக நுழைய வேண்டும், துளசிக் கொத்தை எப்படிச் சேர்த்துக் கட்டினால் நெடும் பயணத்தில் உதிராமல் நிற்கும் என்பதெல்லாம் ஏட்டில் ஏறாத அறிவு. விரலில் இருக்கும் அந்த அறிவு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் செய்பவருக்கே கைவரும்.

ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் சுமார் 11 கிலோமீட்டர் இடைவெளியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர்கள். இரண்டிலும், அவற்றைச் சுற்றிய சிற்றூர்களிலும், இந்தக் கையறிவு நிறைந்து கிடக்கிறது. செய்த பொருளுக்கு இங்கே விலை உண்டு. பூவை முழத்துக்கு இவ்வளவு என்றும், சேலையை உருப்படிக்கு இவ்வளவு என்றும், பால்கோவாவைக் கிலோவுக்கு இவ்வளவு என்றும் கணக்கிடுகிறோம். அதைச் செய்யத் தெரிந்திருப்பதற்கு மட்டும் தனியாக எந்த மதிப்பும் வைக்கவில்லை. இந்த உரையின் வேண்டுகோள் இதுதான்: கைவினைஞரை ஆசிரியராக அமர்த்தி, கற்பிப்பதற்கு உரிய ஊதியத்தைக் கொடுத்து, வருவோரைக் கையால் செய்து பழகவைக்கும் பட்டறைகள் ஒவ்வோர் இளவேனிலிலும் இவ்விரு ஊர்களில் நடக்க வேண்டும்.

இதைப் பல காலமாகச் செய்துவரும் இடங்கள் உலகில் உண்டு. பூமாலையையே தன் அடையாளமாக்கிக்கொண்ட ஹவாய்த் தீவுகளை முதலில் பார்க்கலாம். பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள அந்த வெப்பமண்டலத் தீவுகளில் மாலைக்கு லெய் என்று பெயர். விருந்தினர் வந்தாலும், பிள்ளை பட்டம் வாங்கினாலும், ஒருவர் இறந்தாலும் அங்கே மாலை உண்டு. 1920களின் இறுதியில் டான் பிளாண்டிங் என்ற கவிஞர், மாலைக்கென்று ஆண்டில் ஒரு நாள் வேண்டும் என்று ஹொனலூலு செய்தித்தாளில் எழுதினார். கிரேஸ் டவர் வாரன் என்ற பெண்மணி, அந்த நாள் மே முதல் தேதியாக இருக்கட்டும் என்றார். 1929-ல் ஆளுநரின் அறிவிப்போடு அது அதிகாரப்பூர்வமான நாளாயிற்று. நூற்றாண்டை நெருங்கும் இந்த மாலை நாளில் பள்ளிப் பிள்ளைகள் மாலை தொடுக்கிறார்கள். மூத்த மாலைக்காரர்கள் போட்டிக்கு மாலை கொண்டுவருகிறார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள்.

ஹவாய்க்காரர்களின் முறைகளை நம் ஊர்ப் பூக்கடைக்காரர் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார். ஊசியில் கோப்பது ஒன்று. நாரைச் சுற்றிச் சுற்றிப் பூவைப் பிணைப்பது ஒன்று. இலையையும் காம்பையும் சடைபோல் பின்னுவது இன்னொன்று. போட்டிக்கு வந்த மாலைகள் மறுநாள் ஹவாய் அரச குடும்பத்தாரின் கல்லறைகள் இருக்கும் மௌனா ஆலாவுக்குப் போகின்றன. கண்காட்சியில் வைத்த பொருளை முன்னோருக்குச் செய்யும் மரியாதையாக மாற்றிவிடும் இந்த வழக்கத்தால், அங்கே மாலை தொடுக்கப் பழகும் குழந்தை தன் தீவின் வரலாற்றையும் சேர்த்தே பழகிக்கொள்கிறது.

அதே ஹவாயில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளின் கழுத்தில் விழும் மலிவு மாலைகள் பலவற்றுக்கான ஆர்க்கிட் பூக்கள் தாய்லாந்திலிருந்து விமானத்தில் வருகின்றன. மாலையை வரவேற்புச் சின்னமாக மட்டும் வைத்துக்கொண்டால், பூவும் அதைத் தொடுக்கும் கையும் எந்த நாட்டிலிருந்தும் வரலாம். அதைத் தடுத்து நிறுத்துவது, உள்ளூர்ப் பூவை உள்ளூர்க் கையால் தொடுக்கக் கற்றுக்கொடுக்கும் அந்த வகுப்புகள்தான்.

இரண்டாவது எடுத்துக்காட்டு பாலித் தீவு. இந்தோனேசியாவின் பாலியில் இந்துக் குடும்பத்துப் பெண்கள் நாள்தோறும் தென்னங்குருத்தைச் சிறு தட்டாக மடித்து, அதில் பூக்களை வைத்து வழிபடுகிறார்கள். சனாங் சாரி என்பது அதன் பெயர். வெள்ளைப் பூ கிழக்கிலும், சிவப்பு தெற்கிலும், மஞ்சள் மேற்கிலும், நீலமோ பச்சையோ வடக்கிலும் இடம்பெற வேண்டும். உபுத் ஊரில் 1956-ல் திறக்கப்பட்ட புரி லுகிசான் அருங்காட்சியகமும், 1996-ல் அகுங் ராய் நிறுவிய ஆர்மா அருங்காட்சியகமும் படங்களை மாட்டிவைப்பதோடு நிற்கவில்லை. படையல் தட்டு மடிப்பது, மரம் செதுக்குவது, பாத்திக் துணியில் மெழுகு எழுதுவது, கமெலான் இசைக்கருவி தட்டுவது என்று வருவோரைக் கையால் செய்யவைக்கும் வகுப்புகளையும் நடத்துகின்றன. கற்பிப்பவர்கள் பாலிக்காரர்கள். தாங்கள் அன்றாடம் செய்வதையே அவர்கள் கற்பிக்கிறார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியைக் கவனிக்க வேண்டும். பாலியின் படையல் தட்டு பயணிக்காக உண்டாக்கப்பட்டதில்லை. பயணி வராவிட்டாலும் நாளைக் காலை அது வீட்டு வாசலில் இருக்கும். அப்படி உயிரோடு இருக்கும் வழக்கத்தை ஒட்டித்தான் நல்ல பட்டறை அமையும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்படி அன்றாடம் நடக்கும் ஒரு கைவேலை, ஆண்டாளின் இடது கையில் அமரும் கிளி. ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு கிளி செய்யப்படுகிறது. மரவள்ளி இலைகளை அடுக்கி உடல் அமைக்கிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ. கண்ணுக்குக் காக்காப்பொன். கால்களுக்கு மூங்கில் குச்சி. நந்தியாவட்டையும் செவ்வரளி இதழும் சிறகையும் அழகையும் கூட்டுகின்றன. எல்லாவற்றையும் வாழைநார் பிணைத்து நிறுத்துகிறது. பசையும் கம்பியும் பிளாஸ்டிக்கும் இல்லாமல், கண்ணைத் தவிர ஓர் உருவம் முழுதும் செடி கொடியிலிருந்து எழுகிறது. கைதேர்ந்தவருக்கே இதற்குச் சுமார் நாலரை மணி நேரம் ஆகிறது. தலைமுறை தலைமுறையாக இந்தக் கைங்கரியத்தைச் செய்துவருகிறார்கள். கிளி பின்னர் பக்தருக்குப் பிரசாதமாகிறது. மறுநாளுக்கு மீண்டும் முதலிலிருந்து ஓர் இலை.

நாலரை மணி நேரம் என்ற அந்த அளவு ஒரு பாடத்திட்டமே. இலையின் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்த்து மடித்தால் கிழியும். நார் தளர்ந்தால் உடல் சரியும். இறுகினால் இலை வெட்டுப்படும். ஒரு பிள்ளை கிளியின் தலையை மட்டும் ஒரு காலைப்பொழுதில் செய்து பழகினாலும், அடுத்த முறை சந்நிதியில் நிற்கும்போது அந்தக் கிளியைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும்.

மாலைக்கு வருவோம். இங்கே மாலைக்கு முக்கியமான பூக்கள் செவ்வந்தி, சம்பங்கி, கூடவே துளசி. மாலை தொடுக்கப் பழக நினைப்பவர் முதலில் சரம் கட்டப் பழக வேண்டும். காய்ந்த வாழைப்பட்டையை நீரில் ஊறவைத்து, நகத்தால் கிழித்து நார் எடுக்கிறார்கள். இரண்டு மல்லிகை மொட்டுகளைக் காம்போடு காம்பு சேர எதிரெதிராக வைத்து, அவற்றின் மேல் இன்னும் இரண்டை வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு சுருக்குப் போட்டு இழுக்கிறார்கள். பழகிய கை இதை மூச்சுவிடும் நேரத்தில் முடிக்கிறது. புதிய கைக்கு முதல் முழம் முடிவதற்குள் மொட்டுகள் பாதி கசங்கிவிடும். பருத்தி நூல் காம்பை அறுக்கும். வாழைநார் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூவை வாடவிடாமல் காக்கும். வேலை முடிந்தபின் பூவோடு சேர்ந்து மண்ணில் மக்கியும் போகும். நூலுக்கும் நாருக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, இரண்டாலும் கட்டிப் பார்க்கச் சொன்னால் கால் மணி நேரத்தில் புரிந்துவிடும்.

இளவேனில்தான் இதற்கு ஏற்ற காலம் என்பதற்கு உறுதியான காரணம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லிகை வரத்து குறைந்து விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் செடிகள் பூத்துத் தள்ளும், விலை இறங்கும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டங்கள் அருகிலேயே இருக்கின்றன. கற்பவர் கையில் பூ வீணாகத்தான் செய்யும். மலிவாகக் கிடைக்கும் காலத்தில் கற்பித்தால் அந்தச் சேதத்தைத் தாங்கலாம். பூ மிஞ்சி, விலை சரிந்து, பூக்காரருக்கு வருமானம் குறையும் நாள்களில் கற்பித்தலால் ஒரு கூடுதல் வருவாயும் சேரும். பங்குனி உத்திரத்தில் ஆண்டாள் திருக்கல்யாணம், சித்திரா பௌர்ணமியை ஒட்டி மதுரைப் பயணம் என்று ஊரே மாலையைச் சுற்றி இயங்கும் பருவமும் இதுதான். சித்திரா பௌர்ணமி ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவுக்குள் வருகிறது. ஹவாயின் மாலை நாளும் அதே இடைவெளியில்தான் விழுகிறது.

பூவிலிருந்து நூலுக்குப் போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியம் கைத்தறி ஊர். பருத்திச் சேலைக்குப் பெயர் பெற்றது. தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தெருவில் நடந்துபோகும் ஒருவர், ஒரு சேலைக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று அறிய வழியில்லை. நூலை நீளவாட்டு இழைகளாக, அதாவது பாவாக, ஓட்ட வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து, பிரஷ் போட்டு, வெயில் ஏறுமுன் காயவைக்க வேண்டும். பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். குறுக்கே ஓடும் ஊடைநூலைத் தார் என்னும் சிறு குழலில் சுற்ற வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் முதியவர்களும் செய்யும் வேலை அது. இவ்வளவும் முடிந்தபின்தான் நெசவாளர் தறிக்குழியில் காலை வைத்து உட்காருகிறார். மிதியை அழுத்துகிறார், பாவு பிரிகிறது, ஊடைநூலோடு நாடா ஓடுகிறது, அச்சு அடிக்கிறது.

தறியில் புதியவரை உட்காரவைத்தால் முதல் அரை மணியிலேயே ஓர் உண்மை தெரியும். கால் ஒரு தாளத்திலும் கை ஒரு தாளத்திலும் போகின்றன. இரண்டும் சேராவிட்டால் இழை அறும். அடி ஒரே வேகத்தில் விழாவிட்டால் துணியில் ஓரிடம் நெருங்கியும் ஓரிடம் விலகியும் கோடு விழும். கரையை நேராகக் கொண்டுவருவது எல்லாவற்றிலும் கடினம். இதைத் தானே செய்து பார்த்த ஒருவர் கடையில் கைத்தறிச் சேலையைக் கையில் எடுத்து விலையைக் குறைக்கச் சொல்லுமுன் யோசிப்பார். கைத்தறியைக் காக்க வேண்டும் என்று மேடையில் பேசுவதைக் காட்டிலும் அந்த அரை மணி நேரப் பயிற்சி அதிகம் செய்யும்.

காக்க வேண்டிய அவசியம் கணக்கிலேயே தெரிகிறது. 2009-10-ல் நடந்த மூன்றாவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் சுமார் 43 லட்சம் பேர். 2019-20-ல் நான்காவது கணக்கெடுப்பில் அது சுமார் 35 லட்சமாகக் குறைந்தது. பத்தே ஆண்டுகளில் 8 லட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள். எஞ்சியவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். நெசவாளரின் மகனும் மகளும் தறியை விட்டுப் போவதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வருமானம் இருக்கும் இடத்துக்குத்தான் அவர்கள் போகிறார்கள். தறியில் உட்காரும் நேரத்துக்கு ஒரு கூலியும், தறியைக் கற்பிக்கும் நேரத்துக்கு இன்னொரு கூலியும் கிடைத்தால் அந்தக் கணக்கு கொஞ்சமாவது மாறும்.

ராஜபாளையம் நூலின் வேறொரு முகம். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லிலிருந்து இந்த ஊர் நூற்பாலை நகரமாக வளர்ந்தது. அருகிலுள்ள சத்திரப்பட்டியிலும் சுற்று ஊர்களிலும் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியையும் காஸ் துணியையும் நெய்கின்றன. புண்ணில் வைத்துக் கட்டும் அந்த மெல்லிய துணியை ஊர் ஊராக எல்லோரும் பயன்படுத்துகிறோம். அது எங்கே நெய்யப்படுகிறது என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

விசைத்தறியில் புதியவர் கை வைக்கக் கூடாது. ஆனாலும் சத்திரப்பட்டித் துணியில் ஓர் அருமையான பாடம் இருக்கிறது. தறியிலிருந்து இறங்கிய வெளுக்காத துணியில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டால் அது முத்தாக மேலேயே நிற்கும். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே படிந்திருக்கும் மெழுகுதான் காரணம். வெளுத்த துணியில் அதே சொட்டை விட்டால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உறிஞ்சிக்கொள்ளும். வெளுக்கும்போது அந்த மெழுகு நீங்கிவிடுகிறது. இந்த ஒரு சோதனையில் வேதியியலும் மருத்துவமும் ஊர்த் தொழிலும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. உருப்பெருக்கி வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை இழை பாவில், எத்தனை இழை ஊடையில் என்று எண்ணச் சொன்னால், காஸ் துணி ஏன் அவ்வளவு இடைவெளிவிட்டு நெய்யப்படுகிறது என்பதும் விளங்கும். அதன்பின் சுந்தரபாண்டியம் சேலையையும் அதே உருப்பெருக்கியில் பார்க்கவைத்தால், ஒரே பருத்தி இரண்டு ஊர்களில் இரண்டு வேலைகளுக்கு எப்படி மாறுகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

பால்கோவாவை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்த இனிப்பில் பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் இல்லை. மீதியெல்லாம் தீயும் கையும். அகன்ற இரும்புச் சட்டியில் பால் வற்றும்வரை கிண்டுவதை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் அடிப்பிடிக்கும். எந்தக் கட்டத்தில் சர்க்கரை போடுவது, எந்தப் பதத்தில் இறக்குவது என்பதைக் கரண்டியில் உணரும் கனம்தான் சொல்லும். பார்க்க வருவோருக்கு ஒரு கால் மணி நேரம் அந்தக் கரண்டியைக் கொடுத்தால் போதும்.

கையால் கற்பது என்ற எண்ணம் இந்த வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு, ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து அதன் வழியாகக் கணக்கு, மொழி, அறிவியல் எல்லாவற்றையும் கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. ஆதாரக் கல்வி என்று தமிழ்நாட்டில் பேர் பெற்றது அதுதான். தஞ்சாவூரில் பிறந்து, கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா, தம் கடைசி ஆண்டுகளை டி. கல்லுப்பட்டியில் 1940-ல் நிறுவப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி நினைவு நாளிலேயே, மறைந்தார். ஆண்டாள் மாலை மதுரைக்குப் போகும் அதே சாலையில்தான் அந்த ஊர் இருக்கிறது. பட்டறைக்கு வரும் மாணவர்களை அங்கே அழைத்துப்போய், கிராமத் தொழில் பற்றிக் குமரப்பா யோசித்ததைச் சொல்லலாம்.

ராஜபாளையத்தில் இதற்கேற்ற ஓர் இடமும் இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா, தம் வீட்டையே கலைக்காகக் கொடுத்தார். காந்தி கலை மன்றம் அப்படி உருவானது. தம் வீட்டைக் கொடுத்த ஒருவரின் பெயரோடு இணைந்த ஊரில், ஆண்டுக்குச் சில நாள் கைவினைஞர்கள் உட்கார்ந்து கற்பிக்க ஒரு கூடம் கிடைப்பது கடினமாக இருக்காது.

தமிழ்நாட்டில் நடந்துவரும் முன்மாதிரி ஒன்றும் உண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் இடம். அங்கே குயவரின் சக்கரத்தில் பார்வையாளர் கை வைத்துப் பானை வனையலாம். பனையோலையில் பொம்மை செய்து பழகலாம். பள்ளிகள் பிள்ளைகளை அழைத்து வருகின்றன. அதன் சிறப்பைக் குறைத்துச் சொல்லாமலே ஒன்றைச் சொல்லலாம். அங்கே வீட்டையும் தொழிலையும் ஓரிடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கே வீடும் தறியும் நந்தவனமும் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. வருபவர் வந்தால் போதும்.

வருபவர் வருவதற்கு முன் சில விதிகளில் ஊர் உறுதியாக இருக்க வேண்டும்.

முதல் விதி கூலி பற்றியது. பூக்கட்டும் பெண்ணுக்கோ நெசவாளருக்கோ, வழக்கமான வேலையில் அந்த நேரத்தில் கிடைத்திருக்கும் வருமானத்தைவிடக் கற்பித்தல் ஊதியம் கண்டிப்பாக அதிகமாக இருக்க வேண்டும். கட்டணத்தின் பெரும்பங்கு ஏற்பாட்டாளருக்குப் போய், கற்பித்தவருக்குச் சிறு தொகையும் ஒரு சால்வையும் கிடைப்பது கௌரவம் ஆகாது. யாருக்கு எவ்வளவு என்பது எழுதி ஒட்டப்பட வேண்டும்.

இரண்டாவது, நேரம். அரை மணியில் ஒரு கைவினையைத் தொட்டுப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவதால் யாருக்கும் பயனில்லை. அரை நாளாவது உட்கார வேண்டும். சரம் கட்டுவதில் முதல் முழம் கசங்கும். இரண்டாவது முழம் தளரும். மூன்றாவதில்தான் விரலுக்கு வேலை பிடிபடத் தொடங்கும். அதுவரை உட்காரவைக்காத வகுப்பு தொழிலின் அருமையை மறைத்துவிடும்.

மூன்றாவது விதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கோயிலில் ஆண்டாளுக்குச் சாத்தப்படும் மாலையும் கிளியும் கைங்கரியம். அவற்றைச் செய்யும் உரிமையும் முறையும் நியமமும் அதற்குரியவர்களிடமே இருக்க வேண்டும். அந்த இடம் பார்வையாளர் அரங்கம் ஆகக் கூடாது. பட்டறையில் செய்யும் கிளியைக் கோயில் கிளி என்று சொல்லி விற்கவும் கூடாது. கற்பவர் கட்டிய மாலை அவரவர் வீட்டுப் படத்துக்கும் பெரியவர்களின் கழுத்துக்கும் போகட்டும். பாலியில் வகுப்பில் மடித்த தட்டும் வீட்டு வழிபாட்டுத் தட்டும் அருகருகே இருக்க முடிகிறதென்றால், எதற்கு எந்த இடம் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை என்பதே காரணம்.

நான்காவதாக, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். அவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. வெளியூரிலிருந்து பணம் கொடுத்து வருபவர் கற்றுக்கொண்டு போய்விடுவார். ஊரில் இருக்கப்போவது அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைதான். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் காலமும் சித்திரையும் ஒன்றாகவே வருவதால், பாடவேளையைத் தொடாமலே இதை நடத்தலாம். வெளியூரார் கொடுக்கும் கட்டணத்திலிருந்து உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான செலவைச் சமாளிக்கலாம்.

ஐந்தாவதாக, ஒவ்வொரு பட்டறையிலும் கற்பித்தவர் சொன்னதைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும். நார் ஊறும் நேரம், கஞ்சியின் பதம், இலையை மடிக்கும் வரிசை, அவர்கள் வாயில் வழங்கும் தொழிற்சொற்கள் அனைத்தும் பதிவாக வேண்டும். கைவினையை எழுத்தால் மட்டும் காப்பாற்ற முடியாது. இருந்தாலும் தொழிலாளரின் சொற்கள் அவர்களோடு மறைந்துவிடாமல் இருக்க இது உதவும். இந்தக் குறிப்புகளில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். அவர்கள் அனுமதியும் இருக்க வேண்டும்.

இவ்வளவும் பெரிய முதலீடு கேட்கும் காரியங்கள் அல்ல. ஒரு கூடம், சில பாய்கள், ஈர நார், அதிகாலைச் சந்தையில் வாங்கிய பூ, பழகுவதற்கென்று ஒதுக்கிய இரண்டு மூன்று தறிகள், ஒரு நல்ல உருப்பெருக்கி. மற்றதெல்லாம் தொழில் தெரிந்தவர்களின் மனமும் நேரமும். அந்த மனம் அவர்களிடம் உண்டு. தொழிலைப் பற்றி மரியாதையோடு யாராவது கேட்டால், நெசவாளர் நாடாவை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுப்பார். நேரத்துக்குத்தான் நாம் வழி செய்ய வேண்டும்.

ஆகவே இரண்டு ஊர்களின் பெரியவர்களிடமும் இந்த மேடையிலிருந்து வைக்கும் வேண்டுகோள்கள் சில. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பழகுவதற்கென்று சில தறிகளை ஒதுக்கித் தரட்டும். பூ வியாபாரிகளும் பூக்கட்டும் பெண்களும் கற்பிப்பதற்குத் தங்கள் ஊதியத்தைத் தாங்களே கூடி முடிவு செய்யட்டும். கைங்கரியத்துக்கும் பயிற்சிக்கும் இடையே எங்கே கோடு போட வேண்டும் என்பதைக் கோயிலின் பெரியவர்கள் சொல்லட்டும். அந்தக் கோட்டை எல்லோரும் மதிப்போம். ராஜபாளையத்து ஆலைகளும் சத்திரப்பட்டித் தறிக்கூடங்களும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒரு நாள் கதவைத் திறக்கட்டும். பள்ளித் தலைமையாசிரியர்கள் விடுமுறையின் முதல் வாரத்துக்கே பெயர்ப் பட்டியலை எழுதத் தொடங்கட்டும்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கும் சித்திரா பௌர்ணமிக்கும் இடைப்பட்ட நாள்களில் முதல் பட்டறையைத் தொடங்கலாம். பத்துப் பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் இருந்தால் அதற்குப் போதும்.